காசுப் படங்களை நூலில் போடும்போது யாரிடம் அனுமதி கேட்பது, யாருக்கு நன்றி சொல்வது?

வராகன்:

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நாணயச் சங்கத்திலிருந்து சோழர் காசுகள் பற்றி ஒரு சிறு நூல் கொண்டுவருகிறோம். எழுத்து வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது படங்களில் வந்து நிற்கிறோம்.

கையில் இருக்கும் படங்கள் பலவகை. உறுப்பினர்கள் தங்கள் காசுகளை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவை பாதி இருக்கும். ஏல நிறுவனத் தளங்களிலிருந்து இறக்கியவை கொஞ்சம், விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து சில, ஆங்கிலேயர் காலத்து நூல்களின் படப்பக்கங்களை ஸ்கேன் செய்தவை சில. அப்புறம் குழுக்களில் சுற்றிச் சுற்றி வந்த ஃபார்வர்டு படங்கள். அவற்றை யார் எடுத்தார், யாருடைய காசு என்று அனுப்பியவருக்கே தெரியவில்லை. இது போக, கடல் வணிகம் பற்றிய முதல் அத்தியாயத்துக்குப் புதுக்கோட்டையில் கிடைத்த ரோமானியத் தங்கக் காசு ஒன்றின் படமும் வேண்டும்.

பக்கம் வடிவமைப்பவர், “கடைசிப் பக்கத்தில் ‘பட உதவி: இணையம்’ என்று ஒரு வரி போட்டுவிடலாம், எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்” என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. யாரிடம் கேட்க வேண்டும்? காசு வைத்திருப்பவரிடமா, படம் எடுத்தவரிடமா? ஆயிரம் வருடத்துக் காசுக்கு இன்று யாருக்கு என்ன உரிமை? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

துட்டு:

அண்ணே, நம்முடையது பொழுதுபோக்கு. இந்த மாதிரி நூலில் யாரும் லாபம் பார்ப்பதில்லை, அச்சுச் செலவு திரும்பி வந்தாலே பெரிய விஷயம். தன் காசு ஒரு புத்தகத்தில் வந்தால் சேகரிப்பாளருக்குச் சந்தோஷம்தானே? ஒவ்வொரு படத்துக்கும் கடிதம் எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் நூல் எந்தக் காலத்திலும் வெளிவராது. நன்றிப் பக்கத்தில் எல்லார் பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

காசுமாலை:

துட்டு தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. தமிழில் காசு நூல் போடுகிறவர் எல்லாரும் கைக்காசைப் போட்டுத்தான் போடுகிறார்கள். ஆனால் படத்துக்கு அடியில் வரும் வரியை வெறும் மரியாதை என்று எடுத்துக்கொண்டால் நம் துறையே ஆட்டம் கண்டுவிடும். வராகன் சோழர் காசு பற்றி எழுதுவதால் அதிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்.

உத்தம சோழன் பெயர் பொறித்த தங்கக் காசு. சோழர் காசுகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது என்று சொல்லப்படுவது. புலியும் மீனும் இருக்கும், கிரந்தத்தில் அரசன் பெயர் இருக்கும். பல நூல்களில் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றிலும் வருவது ஒரே கோட்டோவியம். அது சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் 1886-இல் வெளியான தன் தென்னிந்தியக் காசுகள் நூலில் கொடுத்தது. பார்வை மங்கிய முதுமையில் அவர் முடித்த நூல் அது. அந்தக் காசு பின்னால் தொலைந்துபோனது. இன்று நம்மிடம் இருப்பது அந்த ஓவியம் மட்டும்தான்.

இப்போது யோசியுங்கள். ஒருவர் அந்த ஓவியத்தை எடுத்து, கொஞ்சம் பொன்னிறம் பூசி, ‘உத்தம சோழன் தங்கக் காசு’ என்று மட்டும் போட்டு அச்சிடுகிறார். படிக்கிற மாணவன் அந்தக் காசு எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது என்றுதான் நினைப்பான். இன்னொருவர் அதைப் பார்த்து வரைந்து தன் நூலில் போடுகிறார். அவர் கை வளைவில் ஓர் எழுத்து மாறிவிடுகிறது. இப்போது இரண்டு ‘காசு’ ஆகிவிட்டது. மூன்றாவது ஆள், ‘இதில் இரண்டு வகை உண்டு’ என்று கட்டுரையே எழுதிவிடுவார். ‘ஓவியம்: எலியட், 1886, மூலக் காசு இப்போது இல்லை’ என்ற ஒரு வரி இருந்தால் இத்தனையும் நடக்காது.

எலியட் 1887-இல் காலமாகிவிட்டார். சட்டப்படி யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வரியைப் போட்டே ஆகவேண்டும். அனுமதி ஒரு விஷயம், நன்றி வரி வேறு விஷயம். அனுமதி தேவைப்படாத படத்துக்கும் நன்றி வரி தேவைப்படும்.

நன்றிப் பக்கத்தில் பெயர்களை மொத்தமாகக் கொட்டுவதும் இதனால்தான் உதவாது. எந்தப் படம் யாருடையது என்று படத்துக்குப் பக்கத்திலேயே தெரியவேண்டும்.

கறுப்புக் கோட்டு:

சட்டத்தை நான் சொல்கிறேன். பொதுவான விளக்கம்தான், வழக்கு, தகராறு என்று வந்தால் தாள்களோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

சோழர் காசுக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை எடுத்த புகைப்படத்துக்கு உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவர்தான் முதல் உரிமையாளர். பதிவு எதுவும் தேவையில்லை, எடுத்த நொடியில் உரிமை வந்துவிடும். காசின் சொந்தக்காரருக்கு, அவர் காசின் சொந்தக்காரர் என்பதற்காக மட்டும், படத்தில் உரிமை இல்லை. ஆனால் இரண்டு விதிவிலக்குகள் நமக்கு முக்கியம், இரண்டும் 17-ஆம் பிரிவில் வருகின்றன. சேகரிப்பாளர் பணம் கொடுத்து ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுத் தன் காசுகளைப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை பணம் கொடுத்தவருக்கு. நிறுவன ஊழியர் தன் வேலையின் பகுதியாக எடுத்த படம் நிறுவனத்துக்கு. ஏல நிறுவனப் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

கால அளவு: 2012 திருத்தத்துக்கு முன் புகைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்று இருந்தது. இப்போது மற்ற கலைப் படைப்புகளைப் போல, எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். ஆகவே ‘பத்து வருடத்துக்கு முன் இணையத்தில் வந்த பழைய படம்தானே’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

லாபம் இல்லை என்பதும் தானாக விலக்கு தராது. 52-ஆம் பிரிவில் சொந்த ஆய்வு, விமர்சனம் போன்றவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்த இடம் உண்டு. ஒரு நூலில் வந்த படத்தை எடுத்து, ‘இந்த வாசிப்பு தவறு’ என்று விவாதித்தால் அந்தப் பிரிவு துணைக்கு வரலாம். நூலை அழகாக்கப் படம் போட்டால் வராது.

ஆசிரியர் என்று தன் பெயரைக் கோரும் உரிமை 57-ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. பதிப்புரிமையை முழுதாக விற்ற பிறகும் அது எடுத்தவரிடமே நிற்கும். படத்தைத் தன் பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் அதே பிரிவில்தான்.

துட்டு:

சரி சார், ஒரு சந்தேகம். ஸ்கேனரில் காசை வைத்து எடுத்த படத்துக்குமா உரிமை? அதில் எடுத்தவர் என்ன செய்தார், பொத்தானை அழுத்தியதைத் தவிர?

கறுப்புக் கோட்டு:

நல்ல கேள்வி. 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், வெறும் உழைப்பு போதாது, சிறிதளவாவது படைப்புத் திறன் வேண்டும் என்றது. 1999-இல் அமெரிக்காவில் பிரிட்ஜ்மேன் வழக்கில், பழைய ஓவியத்தை அப்படியே பிரதி எடுத்த புகைப்படத்துக்குப் புது உரிமை கிடையாது என்று தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019 உத்தரவில் ஏறக்குறைய இதே வழியில் போயிருக்கிறது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஸ்கேனர் படத்துக்கு உரிமை கோருவது பலவீனமான வாதம்தான்.

ஆனால் காசு ஓவியத்தைப் போலத் தட்டை அல்ல, புடைப்பு உள்ளது. கேமராவில் எடுக்கும்போது வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழவேண்டும் என்பதை எடுப்பவர் முடிவு செய்கிறார். அங்கே அவருக்கு உரிமை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் சரி. விக்கிமீடியா பொதுவகமும் காசுப் படங்களை அப்படித்தான் நடத்துகிறது.

மேக்ரோ லென்ஸ்:

காசுகளைப் படம் எடுப்பதே என் வேலை என்பதால் இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ராஜராஜன் செப்புக்காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் பக்கத்தில் நாகரியில் ‘ஸ்ரீ ராஜராஜ’. சுமார் 4 கிராம். பத்தில் எட்டுக் காசுகளில் எழுத்து பாதி தேய்ந்திருக்கும். விளக்கை நேர் மேலே வைத்தால் எழுத்து மொத்தமாக மறைந்துவிடும். இடப்பக்கம் மேலே, தாழ்ந்த கோணத்தில் வைத்தால் ‘ஜ’ எழும்பும், ஆனால் உருவத்தின் முகம் நிழலில் போகும். ஓர் அட்டைத் துண்டைச் சாய்த்து வைத்துக் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி விட்டால் முகமும் வரும். ஒரே காசுக்கு இப்படி மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன். அந்தப் படத்தை வைத்துத்தான் ஒருவர் காசைப் படிக்கிறார். அதில் என் பெயர் இருக்கவேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

வராகன் ஐயாவுக்கு அச்சு பற்றி ஒரு குறிப்பு. 18 மில்லிமீட்டர் காசை மூன்று மடங்காகப் பெரிதாக்கி அச்சிட்டால் 54 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் காசின் குறுக்களவு மட்டும் 640 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, எப்போது, எந்தக் கேமராவில் எடுத்தது என்ற விவரமும் போய்விடும். உறுப்பினர்களிடம் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் மின்னஞ்சலில். எடுத்தவர் யார் என்று பின்னால் தேட வேண்டிய வேலையும் பாதி குறையும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் போட்டுக் காசுப் படத்தைத் ‘தெளிவாக்கும்’ பழக்கம் பரவுகிறது. தயவுசெய்து வேண்டாம். தேய்ந்த இடத்தில் அந்தச் செயலி தானாக ஒரு கோட்டை வரையும். நாகரி எழுத்து மாதிரியே இருக்கும், ஆனால் காசில் அது கிடையாது. என் படம் ஒன்று அப்படி மாறி ஒரு குழுவில் வந்தபோது, இல்லாத எழுத்தை வைத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். என் பெயர் வேறு அடியில் இருந்தது. பெயர் போடாமல் விடுவதைவிட எனக்கு அது அதிக வேதனை தந்தது. பின்னணியை வெட்டலாம், வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றலாம். அதற்கு மேல் செய்வதாக இருந்தால் எடுத்தவரிடம் கேளுங்கள்.

அரையணா:

விக்கிமீடியா படங்கள் பற்றி நான் சொல்கிறேன், அங்கே பல வருடமாகப் படம் ஏற்றுகிறேன்.

அங்கே இருப்பதெல்லாம் ‘சும்மா எடுத்துக்கொள்ளலாம்’ வகை அல்ல. ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் தனி. பழங்காலக் காசுகளில் நிறையப் படங்கள் கிளாசிக்கல் நியூமிஸ்மாட்டிக் குரூப் என்ற ஏல நிறுவனத்தின் படங்கள். தங்கள் தளத்துப் படங்களைப் பயன்படுத்திக்கொள்ள அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். நிறுவனத்தின் பெயரையும் தள முகவரியையும் குறிப்பிட வேண்டும் என்பது நிபந்தனை. உலகம் முழுக்க எத்தனையோ கட்டுரைகளுக்கு அந்த ஒரு முடிவால் படம் கிடைத்தது. வணிக நிறுவனம் இவ்வளவு தாராளமாக இருக்கும்போது, கேட்ட ஒரு வரியைக்கூடப் போடாமல் அச்சிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (எடுத்தவர் சில நிபந்தனைகளோடு எல்லாருக்கும் முன்கூட்டியே தரும் பொது அனுமதி) உள்ள படம் என்றால் எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், அதன் பதிப்பு எண் மூன்றும் வேண்டும். வெட்டியோ நிறம் மாற்றியோ இருந்தால் அதையும் சொல்லவேண்டும். ‘படம்: விக்கிப்பீடியா’ என்பது இதில் எதையும் நிறைவேற்றாது. ‘அதேபோல் பகிர்’ நிபந்தனை உள்ள படத்தைப் போட்டால் முழு நூலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். வேண்டாம். படத்தை மாற்றி அமைத்திருந்தால் அந்த மாற்றிய படத்துக்கு மட்டும்தான் நிபந்தனை. நூலின் எழுத்து உங்களுடையதே.

எந்தக் கட்டும் இல்லாமல் வேண்டும் என்றால் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பதிப்புரிமை இல்லாமல் பொதுவெளிக்கு வந்த பொருட்களின் படங்களை 2017 பிப்ரவரியில் முழுக்கத் திறந்துவிட்டார்கள். விற்பனை நூலிலும் போடலாம். அதிலும் காசுகள் உண்டு. காசின் பதிவு எண்ணைச் சேர்த்துப் போடுங்கள்.

வராகன்:

அரையணா, புதுக்கோட்டைக் காசு? 1898-இல் அங்கே கிடைத்த ரோமானியத் தங்கக் காசுப் புதையலில் 501 காசுகள் இருந்தன. அவற்றில் பலவற்றில் பேரரசர் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. மறுபடி புழக்கத்தில் விடக்கூடாது என்று வெட்டினார்களா, வேறு காரணமா என்று இன்னும் பேசுகிறார்கள். அந்த வெட்டு தெரியும் படம் ஒன்றுதான் எனக்கு வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தளத்தில் இருக்கிறது. நம் மண்ணிலிருந்து போன காசு, அதன் படத்துக்கு லண்டனிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறதே என்று மனசு கசக்கிறது.

அரையணா:

கசப்பு நியாயமானதுதான், எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கசப்பை வைத்துப் படத்தை எடுத்துக்கொள்ள முடியாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தளப் படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸில் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு, அதேபோல் பகிரும் நிபந்தனையோடு கிடைக்கின்றன. உங்கள் நூலுக்கு விலை உண்டா? விலை இருந்தால், அச்சுச் செலவுக்கு மட்டும் என்றாலும், வணிகமா இல்லையா என்று இழுபறி வரும். அவர்களுக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள். எத்தனை படி, என்ன விலை, யார் வெளியிடுகிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பதிவு எண்ணோடு கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

காசுமாலை:

கூடவே ஒன்று. அந்தப் படத்தின் கீழே ‘பிரிட்டிஷ் அருங்காட்சியகம்’ என்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள் வராகன். ‘புதுக்கோட்டைப் புதையல், 1898’ என்பதையும் சேர்த்துப் போடுங்கள். காசு இப்போது இருக்கும் இடம் எவ்வளவு முக்கியமோ, அது மண்ணிலிருந்து வந்த இடமும் அவ்வளவு முக்கியம். தமிழ் நூலில் அந்த வரி கட்டாயம் இருக்கவேண்டும்.

சேது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ராஜராஜன் காசு இங்கேயும் நிறையக் கிடைக்கும். நிற்கும் உருவமும் உட்கார்ந்த உருவமும் கொண்ட அந்த வடிவத்தில் பிறகு பொலன்னறுவை அரசர்களும் காசு வெளியிட்டார்கள். ஆகவே வராகன் அண்ணையின் நூலை இங்கேயும் வாங்குவார்கள்.

எனக்கு ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் ‘சேது’ எழுத்துக் காசுகளை நான் படமெடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் ‘சரி, போடுங்கோ’ என்று எழுதியிருப்பேன், அவ்வளவுதான். ஒரு முறை கட்டுரைக்கு என்று கொடுத்த படம் பிறகு நாட்காட்டியிலும், அதற்குப் பிறகு ஒரு கண்காட்சிப் பதாகையிலும் வந்தது. பெயர் எங்கேயும் இல்லை. ஒரு முறை ‘சரி’ சொன்னால் எல்லாவற்றுக்கும் சொன்னதாகிவிடுமா?

கறுப்புக் கோட்டு:

ஆகாது. இந்தியச் சட்டப்படி உரிமம் எழுத்தில் இருக்கவேண்டும். எந்தப் படைப்பு, எதற்கு, எத்தனை காலம், எந்த நாடுகளில் என்று அதில் சொல்லவேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நாடு சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 19-ஆம் பிரிவில் உள்ள இந்த விதிகள் 30ஏ பிரிவின் வழியாக உரிமங்களுக்கும் பொருந்தும்.

வராகன் இதைக் கவனிக்கவேண்டும். நூல் யாழ்ப்பாணத்துக்கும் சிங்கப்பூருக்கும் போகும் என்றால் அனுமதிக் கடிதத்தில் ‘எல்லா நாடுகளிலும்’ என்று இருக்கவேண்டும். ஆறாவது வருடம் மறுபதிப்பு போடும்போது மறுபடி எல்லாரையும் தேடி அலையாமல் இருக்க ‘பின்வரும் பதிப்புகளுக்கும்’ என்று இருக்கவேண்டும்.

துட்டு:

இவ்வளவும் படித்த பிறகு நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் ஃபார்வர்டு படத்துக்கு என்ன வழி? எடுத்தவர் யாரென்றே தெரியாது, காசோ அரியது. அந்தப் படத்தை விட்டால் நூலில் அந்த வகையே இருக்காது. ‘எடுத்தவர் தெரியவில்லை, தெரிந்தால் மறுபதிப்பில் சேர்ப்போம்’ என்று போட்டால் போதாதா?

காசுமாலை:

எடுத்தவர் தெரியாத படம் என்றால் காசு எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது, எடை தெரியாது, உண்மையா போலியா என்பதும் தெரியாது. அரிய வகைக்கு அதுதான் பெரிய ஆபத்து. போலி செய்கிறவன் அரியதைத்தான் செய்வான். அப்படி ஒரு படத்தை நூலில் போட்டால், நாளைக்கு அதே போலியை விற்கிறவன் நம் நூலைத் திறந்து காட்டி விற்பான்.

தேடிப் பார்க்க வழி உண்டு. கையால் அடித்த காசில் விளிம்பு ஒன்றுபோல் இன்னொன்று இராது. வெட்டு, விரிசல், மையம் விலகல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம். அந்த அடையாளத்தை வைத்துப் பழைய ஏலப் பட்டியல்களைப் புரட்டுங்கள். ஒரு சிறப்பு மலரில் ‘புதிய கண்டுபிடிப்பு’ என்று வந்திருந்த காசுப் படத்தில் நிற்கும் உருவத்தின் தோளுக்கு நேரே விளிம்பில் ஆப்பு வடிவத்தில் ஒரு விரிசல் இருந்தது. அதே விரிசல் பழைய ஏலப் பட்டியல் ஒன்றிலும் இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கத்தில். மலரில் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். மறுபக்கத்து நாகரி எழுத்தைப் பார்த்தால் அதுவும் தலைகீழ் திசையில் ஓடியது. வாட்ஸ்அப்பில் பல கை மாறியதில் யாரோ திருப்பியிருக்கிறார்கள். ஏல எண்ணும் லாட் எண்ணும் (ஏலத்தில் அந்தக் காசுக்குக் கொடுத்த வரிசை எண்) படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் ‘புதிய கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பே வந்திருக்காது.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் படத்தை விட்டுவிடுங்கள். அந்த வகையைப் பற்றி எழுத்தில் எழுதுங்கள், எந்தப் பட்டியலில் பதிவாகியிருக்கிறது என்று சொல்லுங்கள். மற்றதைப் படிக்கிறவர் தேடிக்கொள்வார்.

பொன்வண்டு:

சேகரிப்பாளர் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. படம் கொடுக்கத் தயங்குகிறவர்களைக் கஞ்சர்கள் என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். என் காசின் படத்தை எடுத்துப் போட்டு, ‘விற்பனைக்கு’ என்று முகநூலில் ஒருவர் முன்பணம் வாங்கிவிட்டார். பணம் போனவர் என்னிடம் வந்து கேட்டார். அதிலிருந்து பெரிய அளவுப் படத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. வீட்டில் தங்கக் காசு இருக்கிறது என்று ஊர் பெயரோடு அச்சில் வருவதும் பயம்தான்.

அதனால் நன்றி வரியில் என் பெயர் வேண்டாம், ‘தனியார் சேகரிப்பு’ என்று போடுங்கள் என்பேன். சிலர் அதைத் தவறாக எடுத்துக்கொண்டு, பெயர் வேண்டாம் என்றால் அனுமதியும் கேட்கவேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

காசுமாலை:

உங்கள் கவலை முழுக்கச் சரி. சங்கம் ஒரு பதிவேடு வைத்துக்கொண்டால் இதற்கு வழி கிடைக்கும். அச்சில் ‘தனியார் சேகரிப்பு, எண் 7’ என்று வரும். எண் 7 யார் என்பது சங்கச் செயலாளரிடம் உள்ள பதிவேட்டில் மட்டும் இருக்கும். ஆய்வாளர் யாராவது காசைப் பார்க்கவேண்டும் என்றால் செயலாளர் உங்களிடம் கேட்டுவிட்டுச் சொல்வார்.

ஒரு எச்சரிக்கை. ‘தனியார் சேகரிப்பு’ என்ற போர்வையில் நேற்று மண்ணிலிருந்து எடுத்த புதையல் காசைப் போட யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். அதைச் செய்யாத காசுக்கு நம் நூல் முகவரி வாங்கித் தரக்கூடாது.

காலணா:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. நான் இக்கால நாணயங்கள் பற்றி எழுதுகிறேன். நானே படம் எடுத்தால் பிரச்சினை இல்லைதானே?

கறுப்புக் கோட்டு:

படத்தில் இல்லை, காசின் வடிவத்தில் இருக்கலாம். பிரிட்டனின் ராயல் மின்ட் காசு வடிவங்களுக்கு அரசின் பதிப்புரிமை உண்டு. யூரோ காசின் பொதுப் பக்கத்துக்கும் உரிமை உண்டு, ஆனால் தட்டையான படமாக, உள்ளபடியே போடுவதை அனுமதித்திருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு மாறும், அந்தந்த நாணயச்சாலைத் தளத்தில் பாருங்கள். இதைப் பேச ஆரம்பித்தால் வராகனின் கேள்வி நின்றுவிடும், தனி இழை தொடங்குங்கள்.

வராகன்:

எல்லாருக்கும் நன்றி. சங்கக் கூட்டத்தில் இந்த இழையை அப்படியே படித்துக் காட்டினேன். ‘பட உதவி: இணையம்’ போடுவதில்லை என்று முடிவாகிவிட்டது. ஒவ்வொரு படத்தின் கீழும் இப்படி வரும்:

“ராஜராஜன், செப்புக்காசு. எடை, விட்டம். காசு: தனியார் சேகரிப்பு, எண் 7. படம்: எடுத்தவர் பெயர்.”

ஏலப் படம் என்றால் நிறுவனப் பெயர், ஏல எண், தேதி, லாட் எண். பழைய நூல் என்றால் ஆசிரியர், ஆண்டு, படப்பக்க எண், ஓவியமா புகைப்படமா என்ற குறிப்பு.

அனுமதிக் கடிதத்தின் வரைவைக் கீழே தருகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

“வணக்கம். எங்கள் நாணயச் சங்கம் வெளியிடும் சோழர் காசுகள் பற்றிய தமிழ் நூலில், இத்துடன் இணைத்துள்ள காசுப் படத்தைச் சேர்க்கத் தங்கள் அனுமதியைக் கோருகிறோம். நூல் 500 படிகள் அச்சாகிறது, விலைக்கு விற்கப்படும். படத்தின் பின்னணி மட்டும் நீக்கப்படும், வேறு மாற்றம் செய்யமாட்டோம். படத்துக்குக் கீழேயே தாங்கள் விரும்பும் வகையில் பெயர் வெளியிடப்படும். எந்தப் பெயரில், எப்படி வரவேண்டும் என்று தெரிவிக்கவும். நூல் வெளியானதும் ஒரு படி தங்களுக்கு அனுப்பிவைப்போம்.”

கறுப்புக் கோட்டு:

நன்றாக இருக்கிறது. நான்கு இடங்களில் சேர்க்கவும். ஒன்று, ‘இந்தப் படத்தை எடுத்தவர் தாங்கள்தானா? இல்லையென்றால் எடுத்தவர் யார்?’ என்று நேராகக் கேளுங்கள். காசுக்காரர்கள் பலர் நண்பர் எடுத்த படத்தைத் தங்களுடையது என்றே நினைத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு, ‘எல்லா நாடுகளிலும், இப்பதிப்புக்கும் பின்வரும் பதிப்புகளுக்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்’. மூன்று, மின்னூல் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், இல்லையென்றால் ‘அச்சில் மட்டும்’ என்று போடுங்கள். நான்கு, அட்டையில் எந்தப் படம் வரப்போகிறதோ அதற்குத் தனியாகக் கேளுங்கள். உள்ளே ஒரு மூலையில் வரும் என்று நினைத்து அனுமதி கொடுத்தவர் அட்டையிலும் விளம்பரத்திலும் பார்த்தால் வருத்தப்படுவார்.

பதில் வாட்ஸ்அப்பில் வந்தாலும், அதே வாசகத்தை மின்னஞ்சலில் ஒரு முறை உறுதி செய்யச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். செயலாளர் மாறினாலும் கோப்பு சங்கத்தில் இருக்கவேண்டும்.

மேக்ரோ லென்ஸ்:

500 படியில் ஒரு படி தருகிறேன் என்கிறீர்களே, அதற்கே பாதிப் பேர் சரி என்று சொல்லிவிடுவார்கள். என்னிடம் சோழர் செப்புக்காசுகள் சிலவற்றின் படங்கள் இருக்கின்றன. காசின் சொந்தக்காரரிடமும் கேட்டுவிட்டேன், அவருக்குச் சம்மதம். எடை, விட்டத்தோடு அனுப்புகிறேன்.

சேது:

அண்ணை, அந்தக் கடிதத்தை நானும் எடுத்துக்கொள்கிறேன். இனி என்னிடம் படம் கேட்கிறவர்களுக்கு இதைத்தான் நிரப்பித் தரச் சொல்லப்போகிறேன். இங்கே கிடைத்த ராஜராஜன் காசு இரண்டின் படம் வேண்டுமென்றால் தருகிறேன், கிடைத்த ஊர் எனக்குத் தெரியும்.

வராகன்:

கட்டாயம் வேண்டும் சேது, கிடைத்த ஊரோடு அனுப்புங்கள். ஏல நிறுவனம் ஒன்றிடமிருந்து இன்று காலை பதிலும் வந்துவிட்டது. ஏல எண்ணும் லாட் எண்ணும் போட்டால் கட்டணம் எதுவும் வேண்டாமாம், நூலில் ஒரு படி மட்டும் கேட்கிறார்கள். புதுக்கோட்டைக் காசுக்கு லண்டனுக்கு எழுதியாகிவிட்டது.

ஃபார்வர்டு படங்களை முழுக்க எடுத்துவிட்டோம். அதில் ஒரு பக்கம் காலியாகிவிட்டது: ராஜேந்திரனின் ‘கங்கைகொண்ட சோழ’ எழுத்துள்ள காசு. யாரிடமாவது இருந்தால், அல்லது வைத்திருப்பவரைத் தெரிந்தால், இரண்டு பக்கமும் எடுத்து எடையோடு அனுப்புங்கள். யார் எடுத்த படம், காசு யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு விவரமும் கூடவே வேண்டும்.